9 மில்லிமீட்டரா, பாயிண்ட் 38-ஆ? செய்தியில் வரும் துப்பாக்கி எண்கள் சொல்வது என்ன

"சந்தேக நபரிடமிருந்து ஒரு கைத்துப்பாக்கியும் 9 மில்லிமீட்டர் ரகத் தோட்டாக்களும் கைப்பற்றப்பட்டன." இப்படி ஒரு வரியை அடிக்கடி எழுதுகிறேன். அந்த எண் என்னவென்று நான் யோசித்ததே இல்லை. சில வாரங்களுக்கு முன்பு, ரப்பர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அலுவலகத்துக்கு அழைத்தார். "தம்பி, பாயிண்ட் முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கீங்களே, அப்படின்னா முப்பத்தெட்டு குண்டு போடலாமா?" என்று கேட்டார். இல்லை ஐயா என்று சொல்லத் தெரிந்தது. பிறகு என்ன என்று அவர் கேட்டபோது பதில் இல்லை. விசாரித்துவிட்டு அழைக்கிறேன் என்று போனை வைத்தேன்.

அந்த எண் துப்பாக்கிக் குழாயின் உட்புற விட்டத்தைக் குறிப்பது. காலிபர் என்பார்கள். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் அதை அங்குலத்தில் சொன்னார்கள். பாயிண்ட் 45 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு, ஏறக்குறைய 11.4 மில்லிமீட்டர். ஐரோப்பியர் நேராக மில்லிமீட்டரில் சொன்னார்கள். தோட்டங்களில் காட்டுப்பன்றி விரட்ட உரிமத்தோடு வைத்திருக்கும் 12 போர் துப்பாக்கியின் கணக்கு மட்டும் தலைகீழ். அந்தக் குழாய்க்குள் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதுதான் அந்த எண். ஆகவே எண் குறையக் குறையக் குழாய் பெரிதாகும்.

நாங்கள் செய்தியில் செய்யும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் மூடி, முனையில் ஈயக் குண்டு எல்லாம் சேர்ந்த முழு உருப்படி தோட்டா. பறந்து போவது குண்டு. மலாய்ப் போலீஸ் அறிக்கையில் 'கெலோங்சோங்' என்று வருவது சுட்டபின் கீழே விழும் வெற்றுக் கூடு. மூன்றையும் தோட்டா என்றே எழுதிவிடுகிறோம். (துப்பாக்கி என்ற சொல்லே துருக்கிய மொழி வழி வந்தது. திருக்குறளின் 12-ஆம் குறளில் அதே உருவில் ஒரு சொல் உண்டு. அங்கே அதற்கு உணவை ஆக்கி என்று பொருள்.)

பெயர் ஒன்று, அளவு வேறு

பாயிண்ட் 38 ஸ்பெஷல் என்ற தோட்டா 1898 வாக்கில் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் கொண்டுவந்தது. பெயரில் 38 இருந்தாலும் குண்டின் விட்டம் 0.357 அங்குலம்தான், அதாவது 9.07 மில்லிமீட்டர். பழைய ரிவால்வர்களில் கூட்டின் அளவை வைத்துச் சூட்டிய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 9 மில்லிமீட்டர் குண்டின் விட்டம் 9.01. இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு.

1935-இல் வந்த பாயிண்ட் 357 மேக்னமும் அதே விட்டம்தான். கூடு சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், உள்ளே அழுத்தம் மிக அதிகம். மேக்னம் துப்பாக்கியில் 38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுடலாம். மாற்றிப் போட முடியாதபடி நீளத்தை வேண்டுமென்றே கூட்டினார்கள். ஆகவே ஒரு தோட்டாவின் பலத்தை எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. குண்டின் எடையும் வேகமும் தெரிய வேண்டும். பாயிண்ட் 45 குண்டு வழக்கமாக 15 கிராம், வினாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகம். 9 மில்லிமீட்டர் குண்டு அதில் பாதி எடை, சுமார் 350 மீட்டர் வேகம். ஒன்று கனத்தது, மற்றது விரைவானது. இந்த இரண்டில் எது மேல் என்ற சண்டை நூறாண்டுகளைக் கடந்தும் அமெரிக்காவில் ஓயவில்லை.

சூலுவில் தொடங்கிய சண்டை

அந்தச் சண்டை தொடங்கிய இடம் நமக்கு அருகில்தான். சபாவின் கிழக்குக் கடலுக்கு அப்பால் சூலு தீவுகளிலும் மிண்டானாவிலும், 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படை மோரோ வீரர்களோடு போரிட்டது. படையினரிடம் இருந்த பாயிண்ட் 38 லாங் கோல்ட் ரிவால்வர் பலமற்றது. பல குண்டு பட்டும் வாளோடு பாய்ந்து வருகிறார்கள் என்று புகார்கள் போயின. பெட்டியில் கிடந்த பழைய 45 ரிவால்வர்களைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார்கள். 1904-இல் தாம்சன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக்கூடத்து மாடுகள்மீதும் இறந்தோர் உடல்கள்மீதும் சுட்டுப் பார்த்து, ராணுவத்துக்கு 45-க்குக் குறைந்த காலிபர் கூடாது என்று எழுதினார்கள். சோதித்தவை மிகக் குறைவு, முடிவு அவசர முடிவு என்று பின்னாளில் பலர் குறை சொன்னார்கள். ஆனாலும் ஜான் பிரவுனிங் வடிவமைத்த 45 பிஸ்டல் 1911-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்து, 1985 வரை அதிகாரப்பூர்வ ஆயுதமாக இருந்தது. 45-ஐ இன்றும் விரும்புகிறவர்களிடம் காரணம் கேட்டால் பாதிப் பேர் இந்த வரலாற்றைத்தான் சொல்வார்கள். மீதிப் பேர் அதன் உதைப்பு வெடுக்கென்று இல்லாமல் மெல்லத் தள்ளுவது போல இருக்கும் என்பார்கள்.

பிரிட்டிஷார் எதிர்த்திசையில் போனார்கள். முதல் உலகப் போரில் அவர்களிடம் இருந்தது பாயிண்ட் 455 வெப்லி, பெரிய ரிவால்வர். உதைப்பு அதிகம் என்பதால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் குறுகிய காலத்தில் அதில் குறி பழக்குவது கடினமாக இருந்தது. போருக்குப் பின் பாயிண்ட் 38-க்கு இறங்கினார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் காலனிக் காலப் போலீஸ் அதிகாரியின் இடுப்பில் தொங்கியது இந்த ரகம்தான். இதுவும் அமெரிக்க 38 ஸ்பெஷலும் ஒன்றல்ல. கூட்டின் நீளமும் அகலமும் வேறு, ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

9 மில்லிமீட்டரை ஜெர்மனியில் கியோர்க் லூகர் உருவாக்கினார். 1904-இல் ஜெர்மன் கடற்படையும் 1908-இல் தரைப்படையும் ஏற்றுக்கொண்டன. சிறிய தோட்டா என்பதால் கைப்பிடிக்குள் அதிகம் அடங்கும். பழைய 45 பிஸ்டலில் 7, இன்றைய 9 மில்லிமீட்டர் குளோக் 17-இல் பதினேழு. விலையும் குறைவு. நம் நாட்டுப் போலீசார் 38 ரிவால்வரிலிருந்து வால்தர் பி99 போன்ற 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களுக்கு மாறினார்கள். சிங்கப்பூர்ப் போலீசார் பல ஆண்டுகள் ஐந்து தோட்டா பிடிக்கும் டாரஸ் 38 ரிவால்வர் வைத்திருந்தார்கள்.

இதற்கிடையில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஒரு சுற்றுச் சுற்றி வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கொள்ளையன் ஒருவனின் உடலில் தொடக்கத்திலேயே பாய்ந்த 9 மில்லிமீட்டர் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுபோனது தெரிந்ததும், பழி முழுவதும் காலிபர்மேல் விழுந்தது. பெரிய 10 மில்லிமீட்டருக்குப் போனார்கள். உதைப்புத் தாங்காமல் மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று கூட்டையும் வெட்டியதில் 1990-இல் பாயிண்ட் 40 பிறந்தது. அமெரிக்கப் போலீஸ் நிலையங்களில் பெரும்பாலானவை அதை வாங்கின. 2014-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு மறுபடி ஆராய்ந்து, இன்றைய குண்டுகளில் 9, 40, 45 மூன்றும் உடலில் செய்யும் வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை, 9 மில்லிமீட்டரில் அதிகாரிகள் விரைவாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்று எழுதியது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். பட்ட குண்டுதான் கணக்கு, படாத குண்டு எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை என்பதைத்தான் பிரிட்டிஷாரும் அதற்கு முன்பே கண்டிருந்தார்கள்.

போட்டிக்காரர்கள் விரும்புவது

விளையாட்டில் காலிபரைத் தீர்மானிப்பது விதிமுறை. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மலேசியாவின் அலியா சஸானா அஸாஹாரி வெண்கலம் வென்ற பெண்கள் 25 மீட்டர் பிஸ்டல் பிரிவில் பாயிண்ட் 22 மட்டுமே அனுமதி. குண்டு இரண்டரை கிராம் சொச்சம், விட்டம் 5.6 மில்லிமீட்டர். 1887-இல் வந்த இந்தத் தோட்டாவைத்தான் உலகெங்கும் புதிதாகப் பழகுகிறவர் கையில் முதலில் கொடுக்கிறார்கள். உதைப்பு இல்லாததால் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் வராது. விலை மலிவு, நாளுக்கு நூறு சுட்டுப் பழகலாம். 10 மீட்டர் பிரிவில் வெடிமருந்தே கிடையாது, காற்றழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் ஈயத் துண்டு போகும்.

சென்டர் ஃபயர் பிஸ்டல் என்ற பிரிவில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை எதையும் தேர்ந்தெடுக்கலாம். பெரியதையே எடுப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் பலர் எடுப்பது சிறிய பாயிண்ட் 32. அதன் குண்டின் முனை தட்டையாக இருக்கும்; காகித இலக்கில் பஞ்ச் இயந்திரம் போட்டது போல வட்டமாக ஓட்டை விழும், புள்ளி எண்ணுவதில் தகராறு வராது. உதைப்பும் குறைவு.

ஓடிக்கொண்டே சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டியில் (2022 உலகப் போட்டி தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது) குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி ஒரு பலக் கணக்கு போடுவார்கள். ஸ்டாண்டர்ட் பிரிவில் பலமான தோட்டா வைத்திருப்பவருக்கு, நடு இலக்கு தவறி ஓரத்தில் பட்டாலும் ஒரு புள்ளி கூடுதல். அந்தச் சலுகைக்குக் குறைந்தது பாயிண்ட் 40 வேண்டும். எஃப்.பி.ஐ. கைவிட்ட 40 அங்கே இன்னும் விலை போவது இதனால்தான். எல்லாருக்கும் ஒரே புள்ளிக் கணக்கு உள்ள புரொடக்‌ஷன் பிரிவில் பெரும்பாலோர் கையில் 9 மில்லிமீட்டர்.

நம் சட்டத்தில்

சினிமா பார்த்துவிட்டு எனக்குப் பிடித்தது 45 என்று பேசுகிற தம்பிகள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். பேச்சோடு நிற்கட்டும். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி மலேசியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டுவரை சிறை, 10,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கியே கையில் இருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். 14 ஆண்டுவரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. கொள்ளை போன்ற குற்றத்தின்போது சுட்டால் முன்பு கட்டாய மரண தண்டனை. 2023 முதல் மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும் என்று நீதிபதி முடிவு செய்கிறார். சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் பிரம்படியும் உண்டு. காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் தூக்கு.

இந்தக் கடுமையின் வேர் அவசரகாலத்தில் இருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை என்று விதி வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது அந்த விதியின் கீழ்தான். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம், ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. யாரையும் சுட்டதாக அல்ல.

இவ்வளவையும் சேர்த்துக்கொண்டு பெரியவரை அழைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உண்மையைச் சொல்லிடறேன் தம்பி. எங்கப்பா செத்தப்புறம் அவரு தகர டப்பாவுல ஒண்ணு கெடந்துச்சு. பின்பக்கம் 38-ன்னு வெட்டியிருக்கு. பேரப்பசங்க எடுத்து விளையாடுதுங்க, அதான் கேட்டேன்" என்றார்.

பழைய தோட்டா உளுத்துப் போயிருக்கும் என்று நம்பக் கூடாது; ஈரம் புகாமல் இருந்தால் பல பத்தாண்டு கழித்தும் வெடிக்கும். தட்டவோ, சூடுபடுத்தவோ, குப்பையோடு எரிக்கவோ கூடாது. பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு எடுத்துப் போகவும் வேண்டாம், வழியில் சோதனை வந்தால் விளக்கம் சொல்வது சிரமம். இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை விலக்கி, 999-க்கோ அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ அழைத்துச் சொல்லுங்கள் என்றேன். தோட்டத்தில் மண் வெட்டும்போது கிடைத்தாலும் இதேதான்.

மறுநாள் மாலை அவரே அழைத்தார். போலீசார் இருவர் வந்து விவரம் எழுதிக்கொண்டு தோட்டாவை எடுத்துப் போனார்களாம். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.