இழுவைக் கட்டுப்பாடு (கார்)

வண்டியை நகர்த்தும் சக்கரங்கள் பிடிமானம் இழந்து வெறுமனே சுழலாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1971இல் 'மேக்ஸ்டிராக்' என்ற பெயரில் இதற்கொரு முன்னோடியைக் கொண்டுவந்தது. இன்றைய அமைப்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் உணரிகளையே பயன்படுத்திக்கொள்கிறது.

ஒரு சக்கரம் தார்ச்சாலையிலும் மற்றொன்று ஈரக் களிமண்ணிலும் நிற்பதாகக் கொள்வோம். ஆக்சிலேட்டரை மிதித்ததும் களிமண்ணில் உள்ள சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்துச் சுழலும். இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் சாதாரண டிஃபரன்ஷியலின் இயல்பு அது. கணினி அந்த வேக வேறுபாட்டைக் கண்டு, சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். எஞ்சின் விசையையும் குறைக்கும். மறுபக்கச் சக்கரத்துக்கு விசை போய்ச் சேர, வண்டி நகரும். அப்போது முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு மின்னும். அது பழுதல்ல, அமைப்பு வேலை செய்வதன் அடையாளம்.

ஆழ்ந்த மணல், சேறு, தளர்ந்த பனி ஆகியவற்றில் புதைந்த வண்டிக்கு இதே உதவி தடையாகிவிடும். வெளியேறச் சக்கரம் கொஞ்சம் சுழன்றாக வேண்டும். கணினியோ விசையை அறுத்துவிடும். அப்போது மட்டும் இந்த அமைப்பை அதற்கான பொத்தானை அழுத்தி அணைக்கலாம். மீண்டதும் மறவாமல் இயக்க வேண்டும். மழைச் சாலையில் இதை அணைத்து ஓட்டுவது ஆபத்து.