பீப்பாவுக்குள்ள கிடக்கிற மலையக வரலாறு

கண்டியில பியர் என்றால் இப்ப எங்களுக்கு ஞாபகம் வாறது போத்தலும் டின்னும்தான். ஆனா ஒரு காலத்தில் இந்த நகரத்திலும் நுவரெலியாவிலும் லயன் ஸ்டவுட்டைக் கைப்பம்பால் இறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பிரித்தானிய பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்ல!) இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பீப்பாவில் பியரை முதிரவைப்பது இங்கிலாந்தின் பழைய முறை. பியரை வடிகட்டாமல், மதுவம் உயிரோட இருக்கும்போதே பீப்பாவில் அடைப்பார்கள். மிச்சமிருக்கிற சீனியை மதுவம் மெதுவாகத் தின்னும். அதில் உண்டாகிற காபனீரொட்சைட்டு வெளியேற வழியில்லாமல் பியரிலேயே கரையும். மண்டி அடியில் படியும். பீப்பாவைத் திறந்தால் காற்று உள்ளே போகும், சில நாளுக்குள் குடித்து முடிக்காவிட்டால் புளித்துவிடும்.

இதுக்கெல்லாம் குளிர் வேணும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்திலிருக்கிற நுவரெலியாதான் அதுக்குத் தோதான இடம்.

இந்தப் பியரின் பிறப்பைச் சாமுவேல் பேக்கரின் பெயரோட சேர்த்துத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். அவர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறினார், 1855இல் நாட்டை விட்டே போய்விட்டார். சிலோன் புரூவரி தொடங்கியதோ 1881இல். இடையில் 26 வருசம்! அந்த இடைவெளிக்குள்தான் 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1869இல் இலைநோய் கோப்பியைத் தாக்கி, பிறகு தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. மலையில் துரைமார் நிலைத்தார்கள், அவர்களின் தாகத்துக்கு ஒரு சந்தை உருவானது. இதை ஒரு தனி மனிதரின் சாதனையாக மட்டும் எப்படிச் சொல்றது?

காடு வெட்டி, பாதை போட்டு, அந்தத் தோட்டங்களை உண்டாக்கிய எங்கட ஆட்களுக்குக் கிடைத்தது பியர் இல்ல, தவறணைச் சாராயம். சாராயம் விற்கும் உரிமையை ஏலம்விட்டு அரசு பெரிய வருமானம் பார்த்தது. பிறகு 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் வீட்டில் மது காய்ச்சுவது இன்றைக்கும் அந்தச் சட்டப்படி குற்றம்தான்.

குடியைப் பெருமையாகப் பேச நாங்கள் வரவில்லை. லயங்களில் குடி எத்தனை வீட்டைத் தின்றது என்று எங்கட அம்மாமாரைக் கேட்டால் தெரியும். ஆனா ஒன்றைக் கவனியுங்கள். துரையின் பீப்பாவில் நடந்ததும் லயத்துப் பானையில் நடந்ததும் ஒரே நொதித்தல்தான். ஒன்று 'பாரம்பரியம்' ஆனது, மற்றது பொலிஸ் வழக்கானது.

அடுத்த தடவை ஒரு பழைய பீப்பாவின் படத்தைப் பார்த்தால், அதில் எழுதியிருக்கிற பெயரோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பீப்பாவை மலைக்கு ஏற்றினது யார் என்றும் கேளுங்கள்.