கண்ணுக்குள் ஊசியும் விழியகத் தொற்றும்

விழிக்கோளத்தை நிறைத்திருக்கும் கூழ்மத்தில் நுண்ணுயிர் புகுந்து அழற்சி உண்டாக்குவது விழியகத் தொற்று. மருத்துவர்கள் இதை எண்டாப்தால்மைட்டிஸ் என்பார்கள். நெடுங்காலம் கண்புரை அறுவைக்குப் பிந்தைய கோளாறாகவே பேசப்பட்ட இது, 2005க்குப் பின் கண்ணுக்குள் மருந்து செலுத்தும் முறை பரவியதும் ஊசியோடும் சேர்த்துப் பேசப்படலாயிற்று. சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்தவர்களும், முதுமையில் விழித்திரையின் மையம் பழுதானவர்களும் இவ்வூசியை அதிகம் போட்டுக்கொள்கிறார்கள்.

ஆபத்து சிறியது. சில ஆயிரம் ஊசிகளுக்கு ஒருவர் என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் கணக்கு. ஆனால் ஊசி ஒன்றோடு முடிவதில்லை. மாதந்தோறும் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீளலாம்.

கிருமி பெரும்பாலும் நோயாளியின் இமையோரத்திலிருந்தே வருகிறது. அதனால் ஊசிக்கு முன் கண்ணில் விடும் 5 சதவீதப் பொவிடோன் அயோடின்தான் முதன்மையான காப்பு. பின்னால் எழுதித்தரும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்துக்கு அவ்வளவு சான்று இல்லை. வழக்கம்தான் அதைக் காப்பாற்றிவருகிறது. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எச்சில் துளியில் வந்து விழுந்தால் நிலைமை மோசமாகும் என்பதால், ஊசி போடும்போது முகக்கவசம் அணிவார்கள், பேசமாட்டார்கள்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. புற்றுநோய்க்கென வந்த அவாஸ்டின் மருந்து விலை குறைவு என்பதால், அதன் 4 மில்லி குப்பியைப் பிரித்துப் பலருக்குப் போடுவார்கள். ஒரு கண்ணுக்கு 0.05 மில்லி போதும். பிரிக்கும் இடத்தில் சுத்தம் தவறினால் ஒரே நாளில் பலர் கண் பாதிக்கப்படும். 2016 ஜனவரியில் அகமதாபாத்தில் இம்மருந்து போட்டுக்கொண்ட பலரின் கண்கள் பாதிக்கப்பட, கண்ணுக்கு அதைப் பயன்படுத்துவதற்கு எதிராக மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் எச்சரித்தது. கண் மருத்துவர்கள் எதிர்த்ததும் மார்ச்சில் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஏழைகளுக்கு மாற்று மருந்து எட்டாத நிலையில் அது சரியான முடிவே. சுத்தம் தவறுவது மட்டுமல்ல, போலி மருந்தும் ஆபத்துதான்: 2010இல் ஷாங்காயில் போலி அவாஸ்டின் போடப்பட்ட 116 பேரில் 80 பேருக்குக் கண் அழற்சி வந்தது. அங்கே குற்றவாளி கிருமி அல்ல, மருந்தில் கலந்திருந்த நச்சு.

தொலைவும் ஒரு சிக்கல்தான். திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைக்காரர்கள் விழித்திரை மருத்துவரைப் பார்க்க நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ போகவேண்டும். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இயங்குகிறது. தொற்றோ, ஊசி போட்டு ஊர் திரும்பி இரண்டு முதல் ஏழு நாளுக்குள் தலைகாட்டும். முதல் நாள் உறுத்தல் அயோடினால் வருவது. வெள்ளைவிழியில் தெரியும் ரத்தத் திட்டும் தானே மறையும். முதல் நாளுக்குப் பிறகு வலி ஏறுவது, கண் சிவந்து கூசுவது, பார்வை மங்குவது ஆகியவைதான் அபாயக் குறிகள். தேரி மணல் பறக்கும் ஊரில் தூசி விழுந்திருக்கும் என்று எண்ணி நந்தியாவட்டைப் பூவை ஒற்றிக்கொண்டு இரண்டு நாள் கடத்துவது எளிது. சிகிச்சையோ அன்றே தொடங்கவேண்டியது: விழிக்கூழில் சிறிது எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, வான்கோமைசின், செஃப்டாசிடைம் இரண்டையும் கண்ணுக்குள்ளேயே ஊசியாகச் செலுத்துவார்கள். முற்றியிருந்தால் கூழ்மத்தை அகற்றும் அறுவையும் தேவைப்படும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றில் இவ்வளவு செய்தும் பழைய பார்வை திரும்புவது அரிது.