வற்றும் குட்டைகள்

வட அமெரிக்காவின் நடுவே, கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம் முதல் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் அயோவா மாநிலம் வரை, பிரெய்ரி என்னும் புல்வெளியில் எண்ணிறந்த சிறு குட்டைகள் சிதறிக் கிடக்கின்றன. பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிலத்தை மூடியிருந்த பனிப்படலம் பின்வாங்கியபோது, மண்ணுள் புதைந்து நின்ற பனிக்கட்டிகள் உருகின. அவை விட்டுச் சென்ற பள்ளங்களே இவை. பெரும்பாலானவற்றுக்கு வரவாறும் இல்லை, வடிகாலும் இல்லை. உருகும் பனியும் மழையுமே அவற்றை நிரப்புகின்றன.

நேயர்களே, குட்டை வற்றினால் அது செத்தது என்று கருதுவது இயல்பு. இங்கு உண்மை வேறு. வறண்ட அடிமண்ணில் மட்கிய இலைதழை உரமாகிறது. உறங்கிக் கிடந்த விதைகள் முளைக்கின்றன. மீண்டும் நீர் நிற்கும்போது சிறு பூச்சிகளும் நத்தைகளும் பெருகுகின்றன. முட்டையிட வரும் வாத்துகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் அவையே உணவு. நீரை என்றும் தேக்கி வைத்தால் இவ்வளம் குன்றும்.

குடியேறிய உழவர்களுக்கோ அது ஏர் புகாத சேறு. அரசும் அவ்வாறே எண்ணிற்று. 1850-ஆம் ஆண்டின் சட்டம் அயோவா உள்ளிட்ட மாநிலங்களுக்கும், 1860-ஆம் ஆண்டின் சட்டம் மினசோட்டாவுக்கும், நீரை வடித்துத் திருத்தும் பொருட்டுச் சதுப்பு நிலங்களை வழங்கின. உழவர்கள் நிலத்தடியில் சுட்ட மண்குழாய் பதித்து நீரை வெளியேற்றினர். கரிய மண்ணில் மக்காச்சோளம் செழித்தது. உழவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் 1980-களுக்குள் அயோவா தன் ஈரநிலங்களில் ஏறக்குறைய 89 விழுக்காட்டை இழந்துவிட்டது.

1930-களின் கொடும் வறட்சியில் வாத்தினம் அருகியது. அப்போது விழித்துக்கொண்டவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு. நீர்ப்பறவை வேட்டையாடுவோர் ஒரு டாலர் கொடுத்து முத்திரை வில்லை வாங்கவேண்டும் என 1934-இல் சட்டம் பிறந்தது. முதல் வில்லையின் படத்தை வரைந்தவர், அயோவாவில் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் ஜே. என். டார்லிங்.

1958-இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. அதன் பயனாக, அந்த வில்லைப் பணத்தைக் கொண்டு சிறு குட்டைகளையும் விலைக்கு வாங்க வழி பிறந்தது. நிலத்தை உழவரிடமே விட்டு, குட்டையை வடிக்காமலும் தூர்க்காமலும் எரிக்காமலும் இருக்க உடன்படிக்கை செய்துகொள்ளவும் இயன்றது. தானே வற்றும் ஆண்டில் அவர் அதில் பயிரிடலாம். வறட்சியும் குட்டையின் வாழ்வில் ஒரு பகுதி என்பதை உணர்ந்த ஏற்பாடாக இதனை நான் மதிக்கிறேன். 1985-ஆம் ஆண்டின் வேளாண் சட்டமோ, ஈரநிலத்தை அழித்துப் பயிரிடுவோருக்கு அரசின் உதவியை மறுத்தது.

ஆயினும் கவலை தீரவில்லை. ஆறு ஏரிகளோடு இடையறாத மேற்பரப்புத் தொடர்பு இல்லாத ஈரநிலங்கள் கூட்டாட்சியின் தூயநீர்ச் சட்டத்துக்குள் அடங்கா என்று 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்துக் கிடப்பதே இக்குட்டைகளின் இயல்பு. அத்தனிமையே இன்று அவற்றின் காப்பைக் குறைத்துவிட்டது. நிலத்தின் மேல் ஓடும் நீரால் குட்டைகள் இணையாதிருக்கலாம்; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பறக்கும் வாத்துக்கு அவையனைத்தும் ஒரே நாடுதான்.