இடம் இருக்கு... வீடியோ ஏன் ஏறல?

கல்யாண வீடியோ 7 ஜிபி. பென்டிரைவில் 20 ஜிபி காலி. ஆனாலும், 'ஃபைல் ரொம்பப் பெருசு'ன்னு கம்ப்யூட்டர் அடம்பிடிக்குதா? பிரச்னை இடத்தில் இல்லை, ஃபார்மேட்டில்!

ஃபேட்32 ஃபார்மேட்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறிவிடும். ஆனால், ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. உங்க டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமான்னும் மேனுவலில் பாருங்க. படிக்காதுன்னா, வீடியோவை 4 ஜிபிக்குக் குறைவான பாகங்களாகப் பிரிச்சுடுங்க.

செட்டாப் பாக்ஸில் ரெக்கார்டு செய்தது வேற கதை. பெரும்பாலான டி.டி.ஹெச் பாக்ஸ்கள் அதைப் பூட்டியே சேமிக்கின்றன. கம்ப்யூட்டரில் ஓடாது, புது பாக்ஸிலும் ஓடாது. வீட்டுக் குழந்தை டிவியில் பாடியதை அதில் வெச்சிருக்கீங்களா? பாக்ஸை மாத்துறதுக்கு முன்னாடி, சேனலின் யூடியூப் பக்கத்தில் அது இருக்கான்னு தேடிடுங்க.