ஓர் ஏக்கர் சமதரை: ஊவாத் தோட்டங்களின் உதைபந்தாட்ட, வலைப்பந்தாட்டக் கழகங்கள்

பத்திரிகைத் தொழிலில் நான்கு தசாப்தங்களுக்கு மேல் கழித்துவிட்ட எனக்கு, எழுதியவற்றைவிட எழுதாமல் விட்டவையே இப்போது அதிகம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

1970களின் பிற்பகுதியில் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன். பிரதேசச் செய்திகளைத் தேர்ந்து சுருக்கித் தருவது என் பொறுப்பு. பதுளைக்கு அப்பால், பசறைப் பாதையில் அமைந்த ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து மாதம் ஒருமுறையேனும் ஒரு கடிதம் வரும். கணக்குப் புத்தகத்தில் கிழித்த கோடிட்ட தாள், அழகான கையெழுத்து. எழுதியவர் தோட்டத்து விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். அயல் தோட்டத்தோடு ஆடிய உதைபந்தாட்டத்தின் முடிவு, ஆடிய பதினொருவரின் பெயர்கள், அதன் கீழே வலைப்பந்தாட்ட அணியின் ஏழு பெண் பிள்ளைகளின் பெயர்கள் என்று ஒழுங்காக எழுதியிருப்பார். நான் அதனை ஒரு வரியாக்குவேன். பெயர்கள் போய்விடும். வலைப்பந்தாட்டம் முழுவதுமே போய்விடும். பல மாதங்களில் அந்த ஒரு வரியும் வந்ததில்லை.

அன்று நான் குப்பைக்கூடையில் இட்டது ஒரு சமூகத்தின் வரலாற்று ஆவணம் என்பதை உணர எனக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

தோட்டத்து விளையாட்டின் வரலாற்றை விளங்கிக்கொள்ள விரும்புவோர் முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். உதைபந்தாட்ட விதிகளின்படி மைதானம் குறைந்தது 90 மீற்றர் நீளமும் 45 மீற்றர் அகலமும் கொண்டதாக இருத்தல் வேண்டும். அதாவது, ஓர் ஏக்கர் சமதரை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இது பெரிய கோரிக்கையன்று. நமுனுகுலை மலைச்சாரலில், மடுல்சீமையில், ஹப்புத்தளைச் சரிவுகளில் ஓர் ஏக்கர் சமதரை என்பது பெரும் செல்வம். 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது, சரிவுகள் அனைத்தும் செடிக்கே ஒதுக்கப்பட்டன. எஞ்சிய சிறு சமதரைகளில் தொழிற்சாலையும் துரையின் பங்களாவும் பிரட்டுக்களமும் அமைந்தன. லயன்கள் கூடச் சரிவை வெட்டிய படிகளிலேயே நின்றன. ஆகவே ஒரு தோட்டத்தில் விளையாட்டுக் கழகம் தோன்றிய கதை என்பது, பெரும்பாலும் சமதரை ஒன்றைக் கேட்டுப் பெற்ற கதையே ஆகும்.

துரைமாருக்கு இத்தகைய சிக்கல் இருக்கவில்லை. றக்பி, டென்னிஸ், கிரிக்கெட் ஆகியவற்றுக்கென அவர்களுக்குத் தனிக் கழகங்கள் இருந்தன. அவற்றின் புற்றரையைச் செதுக்கியவர்கள் தொழிலாளர்கள்; அவற்றில் ஆடும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்க நின்ற சிறுவர்களே தோட்டத்தின் முதல் ஆட்டக்காரர்கள் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1924 இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. கோச்சி வந்ததோடு நகரம் வளர்ந்தது. பாடசாலைகளும் கடைகளும் பெருகின. இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் 1939 இல் அமைந்தது. அதே ஆண்டில்தான் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸும் தோன்றியது. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் தோட்டத்து இளைஞர்கள் ஒன்றுகூடிப் பெயர் வைத்துக்கொண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆட்களைத் தெரிந்தெடுக்கும் பழக்கம் தொழிற்சங்கத்திலிருந்தே கழகத்துக்கு வந்தது என்பது என் கணிப்பு.

நிருவாகமும் இதனை உணர்ந்தே இருந்தது. 1940 இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தமக்கெனத் தொழிலாளர் சபையொன்றைத் தெரிவு செய்தனர். தோட்டத் துரையே அதனோடு கலந்து பேச உடன்பட நேர்ந்தது. அவ்வேலைநிறுத்த அலை பொலிஸ் பலத்தால் அடக்கப்பட்டது. அத்துமீறல் சட்டத்தைக் காட்டி வெளியாரைத் தோட்ட எல்லைக்குள் விடாதிருந்த காலம் அது. அயல் தோட்டத்து அணி ஆட வருவதென்றாலும் துரையின் அனுமதி வேண்டும். விளையாட்டுக்கென வரும் முப்பது இளைஞர்கள் விளையாட்டுக்காக மட்டும் வருகிறார்களா என்ற ஐயம் பங்களாவில் எப்போதும் இருந்தது.

உதைபந்தாட்டத்துக்கு ஓர் ஏக்கர் வேண்டுமெனில், வலைப்பந்தாட்டத்துக்கு அதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு போதும். 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம், இரு முனைகளிலும் 3.05 மீற்றர் உயரத்தில் வளையம் பொருத்திய கம்பங்கள். பிரட்டுக்களத்தில் இதற்கு இடமுண்டு. காலையில் பேர் பதிந்து மலைக்கு ஆள் பிரித்த அதே களத்தில், மாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டால் ஆடுகளம் ஆயத்தம். பந்தை மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது. பந்தோடு ஓடவும் முடியாது. எனவே பந்து சரிவில் உருண்டு கொழுந்து மலைக்குள் போகும் தொல்லையும் குறைவு.

இந்த ஆட்டம் இலங்கைக்கு வந்தது 1921 இல். பெண் சாரணியத்தோடு தொடர்புடைய ஜெனி கிரீன் என்ற பெண்மணி இதனை அறிமுகப்படுத்தினார். முதற்போட்டி 1927 இல் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் நடைபெற்றது. நாடுகளுக்கிடையே வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்குவதற்காகப் பல நாடுகளின் பிரதிநிதிகள் 1960 இல் கூடியதும் இத்தீவிலேதான். 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ணில் நடைபெற்ற முதலாவது உலகப் போட்டியில் இலங்கை அணியும் ஆடியது.

ஒரு விளையாட்டின் உலக விதிகள் இத்தீவில் வகுக்கப்பட்ட அதே நாட்களில், அதே தீவின் மலைகளில் கொழுந்து பறித்த பெண்களுள் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டின் குடிமக்களும் அல்லர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை அந்நிலைக்குத் தள்ளியிருந்தது.

தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பாடசாலை வழியாகவே வந்தது. பதுளையிலோ பண்டாரவளையிலோ படித்துவிட்டு ஆசிரியையாக வந்த ஒருவர், இரண்டு கம்பங்கள், ஒரு பந்து. தொடக்கம் அவ்வளவே. ஆனால் அவ்வணிகளின் ஆயுள் குறைவு. பெரிய பிள்ளையாகிவிட்டால் பாடசாலை நிற்கும். பேர் பதிந்து கூடையைத் தலையில் மாட்டிவிட்டால் நாள் முடியும். விடியுமுன் எழுந்து சமைத்து, பிரட்டுக்குப் போய், மலையேறி, மாலையில் கொழுந்து நிறுத்து, தண்ணீர் எடுத்து, மறுபடி சமைக்கும் ஒருத்திக்கு விளையாட நேரம் ஏது? ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான நாட்கூலி என்பதே 1984 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னர்தான் கிடைத்தது. ஆகவே வலைப்பந்து அணியொன்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆடியதென்றால் அதுவே ஒரு சாதனை. அந்தச் சாதனையைத்தான் நான் இடமில்லை என்று வெட்டினேன்.

கழகங்களை உண்மையில் உடைத்தது 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்று இரு தலைநகரங்களுக்கிடையே ஆட்கள் பங்கிடப்பட்டனர். எஞ்சியோரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தனர். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. பதுளையிலிருந்து புறப்பட்டு, பொல்காவலை, மாஹோ வழியாகத் தலைமன்னார் வரை சென்ற அந்தக் கோச்சியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தனர்.

எனக்கு வந்த கடிதங்களிலும் இது தெரிந்தது. ஒரு மாதம் பந்துக்காப்பாளரின் பெயர் மாறும். மறுமாதம் அணித்தலைவரின் பெயர் மாறும். காரணம் எழுதியிருக்கமாட்டார். ஒரே ஒரு கடிதத்தில் மட்டும், "இம்மாதம் போட்டி இல்லை, ஆட்கள் கப்பலுக்குப் போய்விட்டனர்" என்று எழுதியிருந்தார். அது செய்தியல்ல என்று நான் தீர்மானித்தேன். இன்று எண்ணிப் பார்க்கையில், அந்த ஆண்டில் என் மேசைக்கு வந்த மிகப் பெரிய செய்தி அதுவே.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. 1983 ஜூலையில் பதுளை நகரும் எரிந்தது. அடுத்த ஆண்டே தலைமன்னார்க் கப்பலும் நின்றது. 1996 இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றதும் தோட்டத்து இளைஞரும் மென்பந்துக் கிரிக்கெட்டுக்கு மாறினர். அதற்கு ஓர் ஏக்கர் கூட வேண்டியதில்லை. நிருவாகம் மாறும்போதெல்லாம் பழைய கோப்புகள் அழிந்தன. கழகத்தின் கிண்ணங்களும் குறிப்பேடுகளும் லயன் அறைகளிலேயே தங்கின. அந்த லயன்களும் நிலையானவை அல்ல என்பதை 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியபோது உலகமே கண்டது.

இதற்கு மாறான உதாரணம் ஒன்று கேரளத்து மூணாறில் உண்டு. அங்கும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரே, அங்கும் மலைச்சரிவே. 1941 இல் தொடங்கிய ஃபின்லே கேடய உதைபந்தாட்டப் போட்டியில் எஸ்டேட் அணிகள் இன்றளவும் மோதுகின்றன. கம்பெனி ஃபின்லேயிடமிருந்து டாட்டாவுக்கும், 2005 இல் தொழிலாளரும் பங்குதாரராக உள்ள கண்ணன் தேவன் நிறுவனத்துக்கும் மாறியது. கேடயம் மட்டும் மாறவில்லை. யார் எந்த ஆண்டு வென்றார்கள் என்பதை அங்கே கேட்டறியலாம். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துச் சிற்றூர்களில் வாழும் நம்மவர்கள் இன்னொன்றையும் கண்டிருப்பார்கள். அங்கே ஆண்களின் உதைபந்தாட்டமும் பெண்களின் வலைப்பந்தாட்டமும் ஒரே கழகத்தின் பெயரில், ஒரே மைதானத்தில், ஒரே சனிக்கிழமையில் நடைபெறுகின்றன. கழக மண்டபச் சுவரில் தலைவர்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் இருக்கும். பசறைப் பாதைத் தோட்டத்துச் செயலாளர் ஒரே தாளில் இரு அணிகளையும் எழுதியபோது செய்ததும் அதுவேயன்றோ? அவருக்குச் சுவர் இருக்கவில்லை. பத்திரிகை இருக்கிறது என்று நம்பினார்.

போர் முடிந்த மறு ஆண்டு, 2010 இல், வேறொரு வேலையாகப் பதுளை சென்றவன் அத்தோட்டத்தைத் தேடிப் போனேன். அவர் இருந்தார். தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்று, மகனின் லயன் அறையில் வாழ்ந்தார். நான் யாரென்று சொன்னதும் உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தார். அதற்குள் நான் வெளியிட்ட ஒற்றை வரிகள், வெட்டி, தாளில் ஒட்டி, திகதியிட்டு இருந்தன. மொத்தமே ஒன்பது.

"அண்ணே, பெயர்களைப் போடாமல் விட்டது நான்தான்" என்றேன்.

"பரவாயில்லைங்க ஐயா. பேப்பருல எடம் இல்லாமப் போயிருக்கும்" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்குப் பேரெல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார்.

பதினெட்டுப் பெயர்களையும் சொன்னார். ஒருவர் நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில், இருவர் கொழும்பில் கடைச் சிப்பந்திகள், வலைப்பந்து அணித்தலைவி மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக உழைத்துத் திரும்பியவர், மூவர் இறந்துவிட்டனர், சிலரைப் பற்றிக் கப்பலேறிய நாளுக்குப் பின் தகவலே இல்லை. நான் எழுதிக்கொண்டேன். ஒரு பிரதியைத் தோட்டப் பாடசாலை ஆசிரியையிடம் கொடுத்தேன். அப்பெயர்கள் முதலில் இருக்கவேண்டிய இடம் அதுவே என்று தோன்றியது.

பாடசாலை முற்றத்தில் ஒரு வலைப்பந்துக் கம்பம் நின்றது. வகுப்பறைச் சுவரில் தர்ஜினி சிவலிங்கத்தின் படம் ஒட்டப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்து மகளான அவர் அதற்கு முந்திய ஆண்டுதான், 2009 இல், ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியிருந்தார். பின்னர் 2018 இலும் 2022 இலும் மீண்டும் வென்றார். அந்தப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்திருந்தது. தங்கள் பிரட்டுக்களத்திலேயே முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அணி ஆடியது தெரிந்திருக்கவில்லை. அன்று தெரிந்துகொண்டார்கள்.

மலையகத் தமிழர் இத்தீவுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023 இல் நினைவுகூர்ந்தோம். உழைப்பையும் உயிரிழப்பையும் பேசினோம், அது அவசியமே. ஆனால் அம்மக்கள் மாலை நேரங்களில் சிரித்து ஆடிய ஆட்டங்களும் அவர்களது வரலாறுதான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும், கனடாவிலும் இலண்டனிலும் இதை வாசிப்போருள் எவரிடமேனும் ஒரு பழைய அணியின் புகைப்படம் இருக்கக்கூடும். அருள்கூர்ந்து அதைத் திருப்பி, பின்புறத்தில் நிற்போர், அமர்ந்திருப்போர் அனைவரது பெயர்களையும் பென்சிலால் எழுதிவையுங்கள். இடம் போதாவிட்டால் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு பெயரையும் விட்டுவிடாதீர்கள்.