கோழி யாருடையது? – ‘சிறுமுதலீட்டாளர்’ என்ற சொல்லின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

பல்லடத்துக்குக் கிழக்கே, கிணறுகள் வற்றிப்போன ஊர் எங்களுடையது. என் அம்மாயி காலத்தில் கோழி பெண்களின் சொத்து. பொழுது சாய்ந்தால் கொடாப்பில் அடைப்பதும், அடை வைப்பதும், சந்தைக்கு வரும் கோழிக்காரனிடம் விலை பேசுவதும் அவர்கள் பாடு. முட்டை விற்ற காசு சிறுவாடு. வீட்டு ஆண்களின் கணக்கில் வராத அந்தக் காசில்தான் சீட்டும் தோடும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும். அந்தக் கோழிக்கு முதலீடு என்று எதுவும் கிடையாது. குப்பையைக் கிளறித் தின்று அது தானாக வளர்ந்தது.

கோழி கொட்டகைக்குள் போனபோது முதலில் கேட்கப்பட்டது நிலத்தின் பட்டா. பட்டா ஆண்கள் பெயரில் இருந்தது. ஆகவே கோழி ஆண்களின் தொழிலாயிற்று, வேலை மட்டும் பெண்களிடமே தங்கிவிட்டது. ‘சிறுமுதலீட்டாளர்’ என்ற சொல் எங்கள் ஊருக்குள் நுழைந்தது இந்த இடைவெளியின் வழியாகத்தான். ஒருவரை முதலீட்டாளர் என்று பெயரிட்டதும் அவருடைய உழைப்பு பார்வையிலிருந்து மறைந்துபோகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2

இந்த ஏற்பாடு கொங்கு நாட்டில் பிறந்தது அல்ல. 1923ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண் 50 குஞ்சு கேட்டிருக்க, தவறுதலாக 500 வந்து சேர்ந்தது. அவர் திருப்பி அனுப்பாமல் இறைச்சிக்கென்று வளர்த்து விற்றதிலிருந்து பிராய்லர் தொழிலின் கதையைத் தொடங்குவது வழக்கம். எனக்கு முக்கியமாகப்படுவது அடுத்த கட்டம். 1930களின் பெருமந்தத்தில் ஜார்ஜியாவின் கெய்ன்ஸ்வில் நகரத்துத் தீவன வியாபாரி ஜெஸ்ஸி ஜூவல், கையில் காசில்லாத விவசாயிகளுக்குக் குஞ்சையும் தீவனத்தையும் கடனாகக் கொடுத்தார், வளர்ந்த கோழியைத் தானே எடுத்துக்கொண்டார். பருத்தி பொய்த்துப்போன மண்ணில் தீவனம் விற்கக் கண்டுபிடித்த வழி, பின்னர் ஒரு தொழிலின் முழு வடிவமாக மாறியது.

இங்கே 1971ல் வெங்கடேஸ்வரா ஹாட்சரீஸ் தொடங்கப்பட்டது. 1982ல் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. நாமக்கல் முட்டைக் கோழியின் தலைநகராயிற்று. 1989ல் சத்துணவில் முட்டை சேர்ந்தபோது அரசே பெரிய வாங்குபவராக வந்தது. முட்டைப் பண்ணையாளர் கோழிக்குச் சொந்தக்காரர். விலை விழுந்தால் அடி அவருக்கு, ஏறினால் லாபமும் அவருக்கு. உடுமலை, பல்லடம் பக்கத்து இறைச்சிக் கோழியில் 1990களின் தொடக்கத்தில் வேரூன்றியது இதற்கு நேர்மாறான ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சு, தீவனம், மருந்து, மேற்பார்வையாளர் எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் விரிக்கும் நார்த்தூள், ராத்தூக்கம் விவசாயியுடையது. நாற்பது, நாற்பத்தைந்து நாளில் வண்டி வந்து கோழியை ஏற்றிப்போகும். கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி வரும்.

காவுட்ஸ்கி 1899ல் எழுதிய ‘விவசாயப் பிரச்சினை’யில், பால் ஆலைக்குக் கட்டுப்பட்ட ஸ்விட்சர்லாந்துக் கிராமங்களைப் பற்றிப் பேசுகிறார். நிலம் பெயரளவில் விவசாயியிடமே இருக்கும், அவருடைய சுதந்திரம் மட்டும் போய்விட்டிருக்கும். பெருமூலதனம் சிறுவிவசாயியை எப்போதும் நிலத்தைவிட்டு விரட்டியாக வேண்டும் என்பதில்லை. அவரை அங்கேயே உட்கார வைத்து, கொட்டகைக் கடனையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடுவது அதற்கு மலிவு.

3

இதை வெறும் ஏமாற்று என்று சொல்லி முடித்துவிட முடியாது. என் மாமா முதலில் சொந்தக் கோழிதான் வளர்த்தார். விலைச் சரிவில் இரண்டு பேட்ச் அடுத்தடுத்துப் போனது. அதன் பிறகுதான் ஒப்பந்தத்துக்குப் போனார். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டுக் கறி விலை சரிந்தபோது, அவருடைய வளர்ப்புக் கூலி குறையவில்லை. “சொந்தக் கோழியா இருந்திருந்தா அன்னைக்கே தூக்குல தொங்கியிருப்பன் மாப்ள” என்றார். அந்தச் சொல்லில் பொய்யில்லை. ஆனால் அடுத்த குஞ்சு இறங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கொட்டகை காலியாகக் கிடந்த நாட்களுக்கு யாரும் கூலி தரவில்லை, வங்கியும் தவணையை நிறுத்தி வைக்கவில்லை. விலையின் ஆபத்து கம்பெனிக்கு, காலத்தின் ஆபத்து விவசாயிக்கு என்பதே இந்தப் பங்கீடு.

2019ல் அவருடைய ஒரு பேட்ச் கணக்கை நான் எழுதி வைத்திருக்கிறேன். இறங்கிய குஞ்சு 5,000. ஏறிய கோழி 4,750. சராசரி இரண்டு கிலோ, ஆக 9,500 கிலோ. கிலோவுக்கு 6 ரூபாய் வீதம் 57,000. தீவனம் கூடுதலாகத் தின்றது என்று பிடித்தம் 4,000. நார்த்தூள், கரி, மின்சாரம், ஆள்கூலி, மராமத்து 27,000. கொட்டகைக் கடன் தவணை 15,000. மீதி 11,000. சுத்தம் செய்து சுண்ணாம்பு அடிக்கும் நாட்களையும் சேர்த்து, மாமாவும் அத்தையும் அறுபது நாள் உழைத்ததற்கான பணம் இது. தலைக்கு நாளொன்றுக்கு 92 ரூபாய்கூட வரவில்லை. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்டிருந்த கூலி 229 ரூபாய். கொட்டகை போட்டவர் பெற்றது, மண்வெட்டியோடு போனவருக்கு அறிவித்த கூலியில் பாதிகூட இல்லை.

“கோழி அவியளுது, எரு மட்டுந்தான் எம்பட” என்பார் மாமா. உண்மையிலேயே, பேட்ச் முடிந்ததும் தரையில் மிஞ்சும் எருவை விற்கும் உரிமை மட்டுமே அவருக்கு இருந்தது. அந்த எருவை வாரிய அருந்ததியர் பெண்களும், நள்ளிரவில் கோழி பிடித்து ஏற்றிய இளைஞர்களும் இந்தக் கணக்கில் ‘ஆள்கூலி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போகிறார்கள். மாமாவுக்கு நியாயம் கேட்கும் நாம் அந்தச் சொல்லைத் தாண்டிப் போகாவிட்டால் நமது நியாயமும் அரைகுறைதான்.

4

2011ல் மாமா ஈமு கோழிக்குப் போனார். பெருந்துறை வட்டாரத்தில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவியிருந்த திட்டங்களில் ஒன்று. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, தீவனம், மாதம் 6,000 ரூபாய், இரண்டாண்டு முடிந்ததும் கட்டிய பணம் திரும்பி வரும் என்றார்கள். அத்தையின் நகை அடகுக்குப் போயிற்று. அதில் பாதி, அம்மாயியின் முட்டைக் காசில் வந்த நகை. ஐந்தடிக்கு மேல் உயர்ந்த அந்தப் பறவைகளைப் பார்த்து அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதோட கறியை யாருங்க திங்கறாங்க? நம்மூர்ல ஒருத்தரும் திங்கலியே?”

அதுதான் அரசியல் பொருளாதாரத்தின் கேள்வி. ஈமுவை வாங்கியவர் அநேகமாக அடுத்த முதலீட்டாளர் மட்டுமே. குஞ்சு இன்னொரு குஞ்சுக்காக வளர்க்கப்பட்டது. பிந்தி வந்தவரின் வைப்புத்தொகை முந்தி வந்தவரின் மாத வருமானமாயிற்று. 2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. கைவிடப்பட்ட பறவைகள் பட்டினி கிடக்க, கால்நடைத் துறை தீவனம் போட வேண்டியதாயிற்று. வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குகள் கோவைத் தனி நீதிமன்றத்துக்குப் போயின. மாமாவின் புகார் மனு நகல் இன்னும் தகரப்பெட்டியில் இருக்கிறது. நகை திரும்பவில்லை.

பேராசை என்றார்கள் பத்திரிகைக்காரர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் இது கொங்கு வட்டாரத்தில் இவ்வளவு எளிதாக வேர்பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். இருபதாண்டு ஒப்பந்த வளர்ப்பு எங்கள் மக்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. வண்டி வரும், குஞ்சு இறங்கும், தீவனம் வரும், பணம் வரும். வாங்குபவர் யார் என்று பார்க்க வேண்டியதில்லை. பல்லடத்தில் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு தினம் அறிவிக்கும் விலைகூட வளர்ப்பவருக்குச் சம்பந்தமில்லாத செய்தி. சந்தையைப் பார்க்காமலே விவசாயம் செய்ய ஒரு தலைமுறை பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தின்மீதுதான் ஈமு கம்பெனிகள் கட்டப்பட்டன. ஒப்பந்தக் கோழி மோசடி அல்ல, அதற்கு நிஜமான கறிக்கடை உண்டு. ஆனால் மோசடியை இனங்காணும் கண்ணை அது மங்கச்செய்துவிட்டது. சந்தைக் கோழிக்காரனோடு பேரம் பேசிய அம்மாயி ஈமுவுக்குப் பணம் கட்டியிருக்க மாட்டாள்.

5

ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தமிழ்நாட்டில் 2019ல் தனிச் சட்டமே வந்தது. கால்நடையும் அதில் அடக்கம். ஆனால் சட்டம் கோட்டையில் இருப்பது வேறு, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் தமிழ் நகல் விவசாயியின் வீட்டில் இருப்பது வேறு. மாமாவிடம் கம்பெனி வாங்கி வைத்திருந்தது தொகை எழுதாத காசோலை. அவரிடம் இருந்தது மேற்பார்வையாளரின் தொலைபேசி எண்.

கோழிப் பண்ணையில் சிறுதொகை போடலாமா என்று தோழர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, மழை பொய்த்த ஊரில் வேறு என்ன செய்வது? ஆனால் பணம் கட்டுமுன் சில கேள்விகள் உண்டு. கோழி யார் பெயரில் இருக்கும்? கடைசியில் தின்னப் போவது யார்? கொட்டகை காலியாகக் கிடந்தால் தவணை யார் கட்டுவது? ராத்திரி யார் கண்விழிப்பது? பதில்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். தனியாக வாங்க முடியாது. கூலியை உயர்த்தக் கேட்டுக் கொட்டகைகளைக் காலியாகப் போட்ட வளர்ப்பாளர்கள் அதைச் சங்கமாகச் சேர்ந்தே செய்தார்கள். அந்தச் சங்கத்தில் அத்தைக்கும், எரு வாரிய பெண்களுக்கும் இடம் உண்டா என்பது நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.